குதிரைப் பண்ணை வாங்குவோர் தேடுவது மாளிகையை அன்று, மண்ணையே

மேலைநாட்டுக் காணி விற்பனை விளம்பரங்களில் 'குதிரைப் பண்ணைக்கு உகந்தது' என்ற சொற்றொடர் அடிக்கடி இடம்பெறுவதைக் காணலாம். பல அறைகளைக் கொண்ட வீடு, வெள்ளை வர்ணம் பூசிய வேலி, புதிதாகக் கட்டப்பட்ட லாயம் ஆகியவற்றின் படங்கள் அவ்விளம்பரங்களை அலங்கரிக்கின்றன. ஆனால், குதிரை வளர்ப்பையே ஜீவனோபாயமாகக் கொண்டவர்கள் அத்தகைய காணியொன்றைப் பார்வையிடச் செல்லும்போது, அந்த வீட்டிற்குள் நுழைவதற்கு முன்னர் மேய்ச்சல் தரையில் இறங்கி நடந்து பார்க்கின்றனர். வீட்டை இடித்துவிட்டு மீண்டும் கட்டலாம். லாயத்தைப் பத்து மாதங்களில் எழுப்பலாம். ஆனால் மண்ணையும் நிலத்தடி நீரையும் எந்தக் கொத்தனாராலும் கட்டித்தர முடியாது என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்தவர்கள்.

குதிரை வளர்ப்பு இன்று எமது நாட்டில் ஒரு பெருந்தொழிலாக இல்லை. எனினும், இவ்விடயம் எமக்கு முற்றிலும் அந்நியமானதுமன்று. அரபு நாடுகளிலிருந்து பாண்டிய நாட்டுத் துறைமுகங்களுக்குக் குதிரைகள் பெருந்தொகையாக இறக்குமதி செய்யப்பட்டதையும், சரியான பராமரிப்பின்மையால் அவை விரைவிலேயே மடிந்ததையும் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு வந்த மார்க்கோ போலோ பதிவு செய்துள்ளார். எமது நெடுந்தீவில் ஐரோப்பியர் காலத்துக் குதிரைகளின் வழித்தோன்றல்கள் இன்றும் கட்டாக்காலிகளாகத் திரிகின்றன. குதிரையைக் கொண்டுவருவது இலகு, அதனை வாழவைக்கக்கூடிய நிலத்தைப் பெறுவதே கடினம் என்பதை இவ்விரு உதாரணங்களும் எமக்கு உணர்த்துகின்றன. எனவே, தொழில்சார் குதிரை வளர்ப்போர் ஒரு காணியில் எவற்றை எதிர்பார்க்கின்றனர் என்பதை இங்கு சற்று விரிவாக நோக்குவோம்.

நிலத்தடியில் உள்ள பாறை

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலுள்ள லெக்சிங்டன் நகரைச் சூழ்ந்த பிரதேசம் உலகப் புகழ்பெற்ற பந்தயக் குதிரைகளின் பிறப்பிடமாகும். 1973ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மூன்று பிரதான பந்தயங்களிலும் வென்று 'மும்முடி' சூடிய செக்ரட்டேரியட் என்ற குதிரை, தனது இறுதிக் காலத்தைக் கழித்து 1989ஆம் ஆண்டில் மடிந்ததும் அப்பிரதேசத்தின் கிளேபோர்ன் பண்ணையிலேயே ஆகும். இப்பிரதேசத்தின் அடியில் பொஸ்பரஸ் சத்து மிகுந்த, கோடிக்கணக்கான ஆண்டுகள் பழைமை வாய்ந்த சுண்ணாம்புக்கல் பரந்து கிடக்கின்றது. அது சிதைவுற்று உருவான மண்ணில் வளரும் 'புளூகிராஸ்' என்ற புல்லே அப்பிரதேசத்திற்குப் பெயரையும் கொடுத்தது.

அயர்லாந்திலும் இதே நிலைமையே காணப்படுகின்றது. 1900ஆம் ஆண்டில் வில்லியம் ஹோல் வோக்கர் என்ற செல்வந்தர் கில்டெயார் மாவட்டத்தின் டல்லி என்னுமிடத்தில் குதிரைப் பண்ணையொன்றை நிறுவினார். பிறக்கும் குட்டிகளுக்கு ஜாதகம் கணித்து, அவற்றை வைத்திருப்பதா விற்பதா எனத் தீர்மானித்த விசித்திரமான மனிதர் அவர். ஆயினும், அப்பண்ணையின் வெற்றிக்குக் காரணம் கிரகநிலையா என்று கேட்டால், அங்கு பாயும் சுண்ணாம்புச் சத்து நிறைந்த ஓடையும் அதன் கரையிலுள்ள புல்லுமே காரணம் என்று குதிரை வளர்ப்போர் கூறுவர். 1915ஆம் ஆண்டில் அவர் பிரித்தானிய முடிக்குக் கையளித்த அப்பண்ணையே பிற்காலத்தில் அயர்லாந்தின் தேசியக் குதிரைப் பண்ணையாக மாறியது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள ஒக்காலா நகரமும் சுண்ணாம்புக்கல்லின் மீதே அமைந்துள்ளது. அம்மாநிலத்தில் பிறந்த குதிரையொன்று முதன்முதலாகக் கென்டக்கி டேர்பி பந்தயத்தில் வென்றது 1956ஆம் ஆண்டிலாகும். அதன் பின்னரே அங்கு பண்ணைகள் பல்கிப் பெருகின.

சுண்ணாம்புக்கல் நிலம் எலும்பைப் பலப்படுத்தும் என்ற நம்பிக்கை குதிரை வளர்ப்போர் மத்தியில் நீண்டகாலமாக நிலவுகின்றது. குறைபாடுள்ள கனியுப்புக்களைத் தீவனத்தோடு கலந்து கொடுக்கும் வசதி இன்று உள்ளமையால், மண் ஒன்றே அனைத்தையும் தீர்மானிக்கின்றது என்று கூறுவதற்கில்லை. ஆனால் அத்தகைய நிலத்திற்கு மற்றொரு சிறப்பும் உண்டு. மழைநீர் தேங்கி நில்லாது வடிந்து விடுவதால் தரை சேறாகாது. சேற்றில் நிற்கும் குதிரையின் குளம்பு மென்மையாகிப் பழுதடையும். காலின் கீழ்ப்பகுதியில் தோல் நோய்கள் தோன்றும். எனவேதான் அனுபவமுள்ள கொள்வனவாளர் ஒருவர் காணியைக் கோடையில் ஒரு தடவையும், பெருமழைக்கு மறுநாள் ஒரு தடவையும் பார்வையிட விரும்புகின்றார். வாயிற் கதவடியிலும் நீர்த்தொட்டியைச் சுற்றியும் எவ்வளவு சேறு உள்ளது என்பதை வைத்தே அவர் பண்ணையின் வடிகாலை எடைபோட்டு விடுவார்.

சுண்ணாம்புக்கல் நிலத்திற்குக் குறைபாடும் உண்டு. நிலத்தடி நீர் பாறையைக் கரைப்பதால் திடீர்க் குழிகள் தோன்றலாம். குதிரையின் கால் அகப்பட்டு முறிவதற்கு அத்தகைய ஒரு குழியே போதுமானது. அவற்றினூடாக அழுக்கு நீர் வடிகட்டப்படாமலேயே கிணற்றைச் சென்றடையும் ஆபத்தும் உள்ளது. ஆகையால், மண் பரிசோதனையையும் கிணற்று நீர்ப் பரிசோதனையையும் செய்து முடிக்காமல் விலை பேசுவது தொழில் தெரிந்தவரின் வழக்கமன்று.

கணக்குப் பார்த்தல்

அடுத்ததாக எழுகின்ற வினா, இக்காணி எத்தனை குதிரைகளைத் தாங்கும் என்பதாகும். நல்ல மழைவீழ்ச்சியுள்ள பிரதேசங்களில் ஒரு குதிரைக்கு இரண்டு ஏக்கர் மேய்ச்சல் தரை வேண்டும் என்பது பரவலாகக் கூறப்படும் அளவுகோலாகும். வரண்ட பிரதேசங்களில் இது பன்மடங்கு அதிகரிக்கும்.

ஏறத்தாழ 500 கிலோகிராம் நிறையுள்ள குதிரையொன்று நாளொன்றுக்குத் தனது உடல்நிறையில் 2 வீதம் வரையில், அதாவது 10 கிலோகிராம் அளவில் உலர்புல் உண்ணும். நாளாந்தம் சாதாரணமாக 25 முதல் 45 லீற்றர் வரையில் நீர் அருந்தும். பாலூட்டும் காலத்திலும் வெப்ப காலத்திலும் இத்தேவை மேலும் அதிகரிக்கும். அதேவேளை, நாளொன்றுக்கு 20 கிலோகிராமிற்கு மேல் இலத்தியும் சிறுநீரும் வெளியேறும். இதனை இருபது குதிரைகளுக்குக் கணக்கிட்டால், மேய்ச்சல் இல்லாத காலத்தில் மாதமொன்றுக்கு ஆறு தொன் உலர்புல்லும், நாளொன்றுக்கு 900 லீற்றர் வரையில் நீரும் தேவைப்படும். நாளாந்தம் 400 கிலோகிராமிற்கும் அதிகமான கழிவை அகற்ற வேண்டியும் வரும்.

எனவே, உலர்புல்லைச் சேமிக்கக் களஞ்சியம் உள்ளதா, அக்களஞ்சியம் லாயத்திலிருந்து விலகியிருக்கின்றதா, வரட்சியிலும் கிணறு வற்றாதா, எரு குவிக்கும் இடம் நீர்நிலைகளுக்கு அப்பால் உள்ளதா என்பன யாவும் ஆராயப்படுகின்றன. இவற்றைக் கவனியாது பரப்பளவை மாத்திரம் நம்பி வாங்குபவர், சில வருடங்களில் புல் அற்றுப்போன தரையையும் குடற்புழுக்களால் மெலிந்த குதிரைகளையுமே காண நேரிடும். நெருக்கமாக அடைக்கப்பட்ட தரையில் இலத்தியின் மூலம் பரவும் புழுக்களை மருந்தினால் மாத்திரம் கட்டுப்படுத்த முடியாது. மேய்ச்சல் தரையைப் பகுதிகளாகப் பிரித்து, ஒன்றில் குதிரைகள் மேயும்போது மற்றொன்றை ஓய்வில் விடுவதற்கு இடமிருத்தல் அவசியமாகும்.

பசுமையில் மறைந்துள்ள ஆபத்து

தரை பச்சைப் பசேலெனக் காட்சியளிப்பது மட்டும் போதாது. அங்கு வளர்வது எந்தப் புல் என்பதே முக்கியமானது. அமெரிக்காவில் 1943ஆம் ஆண்டில் 'கென்டக்கி 31' என்ற பெயரில் 'டோல் பெஸ்கியூ' வகைப் புல் விவசாயிகளிடையே அறிமுகப்படுத்தப்பட்டது. வரட்சியையும் மிதிபடுதலையும் தாங்கி வளர்ந்தமையால் அது வெகுவாகப் பரவியது. ஆனால் அப்புல்லின் உள்ளே வாழும் ஒருவகைப் பூஞ்சணம் சினைக் குதிரைகளுக்குப் பெருந்தீங்கை விளைவிப்பது பின்னர் கண்டறியப்பட்டது. பிரசவம் தாமதமாகும், நச்சுக்கொடி தடிப்படையும், குட்டி ஈன்ற பின்னர் மடியில் பால் சுரக்காது. இதனால் தாயும் குட்டியும் இறப்பதுண்டு. குட்டி ஈனும் பண்ணைக்காகக் காணி வாங்குபவர் இப்புல் எத்தனை வீதம் உள்ளது என்பதை அறிய மாதிரிகளைப் பரிசோதனைக்கு அனுப்புவது இதனாலேயாகும்.

2001ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் கென்டக்கியில் நிகழ்ந்த அனர்த்தம் இதனைவிடப் பாரதூரமானது. சினையுற்ற ஆயிரக்கணக்கான குதிரைகளின் கருக்கள் சில வாரங்களுக்குள் கலைந்தன. பல குட்டிகள் இறந்தே பிறந்தன. முதலில் காரணம் எவருக்கும் விளங்கவில்லை. காட்டுச் செரி மரங்களில் கூடுகட்டி வாழும் மயிர்க்கொட்டிகள் அவ்வருடம் பெருகி மேய்ச்சல் தரைகளில் ஊர்ந்ததும், புல்லோடு சேர்த்துக் குதிரைகள் அவற்றை உண்டதுமே காரணமென ஆய்வாளர்கள் பின்னர் கண்டறிந்தனர். ஏற்பட்ட நட்டம் 300 மில்லியன் டொலரை விஞ்சியது என மதிப்பிடப்பட்டது. வேலியோரத்தில் நிழலுக்காக நின்ற மரமே பண்ணையைச் சீரழிக்கலாம் என்ற பாடத்தை அப்பிரதேசத்தவர் அன்று கற்றுக்கொண்டனர். இன்று அங்கு காணி பார்க்கச் செல்வோர் புல்லைப் பார்ப்பது போலவே மரங்களையும் ஒவ்வொன்றாகப் பார்க்கின்றனர். வாடிய செம்மேப்பிள் இலை குதிரைக்கு நஞ்சாகும். கறுப்பு வால்நட் மரத்தின் சீவல்களை லாயத்தில் பரப்பினால் குளம்பின் உட்பகுதி வீக்கமுறும். இங்கிலாந்தில் ஈரலைப் பாதிக்கும் 'ரக்வேர்ட்' என்ற மஞ்சட் பூச்செடியைக் கட்டுப்படுத்துவதற்கென 1959ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் நடைமுறையில் உள்ளது.

வேலியும் லாயமும்

கட்டடங்கள் முக்கியமற்றவை என்று நாம் கூற முற்படவில்லை. ஆனால் அவற்றைத் தொழில்சார் வளர்ப்பாளர் நோக்கும் விதம் வேறானது. அழகைவிடப் பாதுகாப்பையே அவர் முதலில் கவனிக்கின்றார். குதிரை அச்சமுற்றால் யோசியாது ஓடும் இயல்புள்ளது. ஆகவே முள்ளுக்கம்பி வேலி உள்ள காணியை வாங்குபவர், அதனை அகற்றி மாற்றும் செலவையும் விலையில் கழித்தே பேசுவார். ஏறத்தாழ ஐந்தடி உயரமான பலகை வேலியும், அடுத்தடுத்த மேய்ச்சல் தரைகளுக்கிடையே இரட்டை வேலியும், ஓடிவரும் குதிரை முடங்கிவிடாதபடி வளைவாக அமைக்கப்பட்ட மூலைகளும் விரும்பப்படுகின்றன.

லாயத்தைப் பொறுத்தவரை, ஒரு குதிரைக்குப் பன்னிரண்டு அடி நீளமும் பன்னிரண்டு அடி அகலமும் கொண்ட அறை வழமையான அளவாகும். குட்டி ஈனும் அறை இதனிலும் பெரிதாக இருத்தல் வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது காற்றோட்டமாகும். சிறுநீரிலிருந்து எழும் அமோனியா வாயுவும் உலர்புல்லின் தூசியும் சுவாசப்பையைப் பாதிக்கும். தாழ்ந்த கூரையுடன் இறுக மூடப்பட்ட அழகிய லாயத்தைவிட, காற்றுத் தாராளமாக உலவும் பழைய லாயமே மேலானதாகும்.

தொழிலுக்கேற்ற காணி

குதிரை வைத்திருப்போர் அனைவரும் ஒரே விதமான காணியைத் தேடுவதில்லை. குட்டி வளர்ப்போருக்குப் பரந்த மேய்ச்சல் தரை வேண்டும். மெல்லிய ஏற்ற இறக்கங்களில் சுயாதீனமாக ஓடித் திரியும் போதே குட்டியின் எலும்பும் தசைநாரும் உறுதி பெறுகின்றன. பந்தயப் பயிற்சியாளருக்கோ சொந்தமாகப் பெருங்காணி தேவையில்லை. இங்கிலாந்தின் நியூமார்க்கட் நகரில் ஏறத்தாழ 3,000 குதிரைகள் பயிற்சி பெறுகின்றன. அவற்றின் லாயங்கள் நகர வீதிகளிலேயே அமைந்துள்ளன. சுண்ணாம்புப் பாறையின் மீது படர்ந்த பொதுப் பயிற்சித் தரைகள் கால்நடைத் தூரத்தில் உள்ளமையால், சிறிய முற்றமும் பெறுமதி வாய்ந்ததாகின்றது. புளோரிடாவின் வெலிங்டன் நகரில் குளிர்காலப் போட்டிகள் நடைபெறுவதனால், போட்டி மைதானத்திற்குக் குதிரையில் ஏறியே செல்லக்கூடிய ஓரிரு ஏக்கர் காணிக்குப் பெருந்தொகை கொடுக்கப் பலர் முன்வருகின்றனர்.

இவர்கள் அனைவருக்கும் பொதுவான தேவையொன்று உண்டு. அது மிருக வைத்தியரின் அண்மையாகும். குடல் முறுக்குண்டு வலியால் துடிக்கும் குதிரைக்குச் சில மணித்தியாலங்களுக்குள் சத்திரசிகிச்சை செய்யாவிடின் அது பிழைப்பது அரிது. லெக்சிங்டனைச் சுற்றியுள்ள காணிகளின் விலைக்குப் புல் மாத்திரம் காரணமன்று. குதிரை மருத்துவமனைகள், 1936ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்ட கீன்லண்ட் பந்தயத் திடல், அங்கு நடைபெறும் ஏலங்கள், லாடம் அடிப்போர், பல்கலைக்கழக ஆய்வுகூடம் ஆகிய யாவும் ஒரே வட்டாரத்தில் இருப்பதும் காரணமாகும்.

அயற்காணியின் எதிர்காலம்

இங்குதான் மிகப்பெரிய பிரச்சினை எழுகின்றது. தனது வேலிக்கு உட்பட்ட அனைத்தையும் சீராக்கிவிடும் வளர்ப்பாளரால் அயற்காணியில் நிகழப்போவதைத் தடுக்க முடியாது. பக்கத்துப் பண்ணை வீடமைப்புத் திட்டமாக மாறினால் வாகன நெரிசலும் இரவு வெளிச்சமும் வாணவேடிக்கைச் சத்தமும் தொடர்கின்றன. புதிதாகக் குடியேறியோர் இலத்தியின் மணத்தைப் பற்றி முறைப்பாடு செய்கின்றனர். அயலிலுள்ள பண்ணைகள் குறையும்போது மிருக வைத்தியரும் தீவன வியாபாரியும் இடம்பெயர்கின்றனர்.

கலுமெட் பண்ணையின் வரலாறு இதற்குச் சிறந்த உதாரணமாகும். 1941இல் வேர்ளவே, 1948இல் சைட்டேசன் என மும்முடி சூடிய இரு குதிரைகளை அளித்த அப்பண்ணை 1991ஆம் ஆண்டில் வங்குரோத்து நிலையை அடைந்தது. நகரத்தை அண்மித்த அந்நிலம் துண்டாடப்பட்டு வீட்டுக்காணிகளாகிவிடுமோ என்ற அச்சம் எழுந்தது. 1992ஆம் ஆண்டு நடைபெற்ற ஏலத்தில், போலந்தில் பிறந்த விமான வர்த்தகரான ஹென்றிக் டி குவியட்கோவ்ஸ்கி 17 மில்லியன் டொலருக்கு அதனை வாங்கி, குதிரைப் பண்ணையாகவே பேணினார். ஆனால் இவ்வாறு பேணக்கூடிய செல்வந்தர் ஒவ்வொரு தடவையும் கிடைப்பார் என எதிர்பார்க்க இயலாது.

இதனை முன்கூட்டியே உணர்ந்து 1958ஆம் ஆண்டிலேயே நகர விரிவாக்கத்திற்கு எல்லை வகுத்த முதலாவது அமெரிக்க நகரம் லெக்சிங்டனாகும். 2000ஆம் ஆண்டில் மற்றொரு திட்டமும் ஆரம்பிக்கப்பட்டது. அதன்படி, காணியின் உரித்து உரிமையாளரிடமே இருக்கும். ஆனால் அதில் வீடுகளைக் கட்டிப் பெருக்கும் உரிமையை மாத்திரம் பொதுநிதி விலைகொடுத்து வாங்கி நிரந்தரமாக முடக்கி வைக்கும். 50,000 ஏக்கரை இலக்காகக் கொண்ட இத்திட்டத்தின் கீழ் 30,000 ஏக்கருக்கு மேல் பாதுகாக்கப்பட்டுள்ளது. எனினும் 2006ஆம் ஆண்டில் உலக நினைவுச்சின்ன நிதியம் இப்பிரதேசத்தை ஆபத்துக்குள்ளான இடங்களின் பட்டியலில் சேர்த்தது. வீட்டுத் தட்டுப்பாடு காரணமாக நகர எல்லையை மீண்டும் விரிவாக்க 2023ஆம் ஆண்டில் நகர சபை தீர்மானித்தது. வீடற்றோருக்கு வீடு வேண்டும் என்ற நியாயமும், ஒருமுறை இழந்தால் மீளாத மண் என்ற நியாயமும் அங்கு மோதிக்கொள்கின்றன. இரண்டில் எதனையும் இலகுவாக ஒதுக்கிவிட முடியாது.

எனவேதான் இன்று அங்கு காணி வாங்குவோர் விற்பவரின் உறுதிப் பத்திரத்தோடு நின்றுவிடாது, அயற்காணிகளின் நிலைமையையும் திட்டமிடல் வரைபடத்தையும் ஆராய்கின்றனர். நிரந்தரமாகப் பாதுகாக்கப்பட்ட பண்ணையொன்று பக்கத்தில் இருப்பது, சிறந்த லாயமொன்றைவிடப் பெறுமதி மிக்கதாகக் கருதப்படுகின்றது.

நெடுந்தீவு கூறும் செய்தி

இனி எமது நெடுந்தீவைச் சற்று நோக்குவோம். அதுவும் சுண்ணாம்புக்கல்லினால் ஆன நிலமே. கென்டக்கியில் சுண்ணாம்புக்கற்களைச் சாந்தின்றி அடுக்கி எல்லை வேலி அமைத்ததைப் போன்றே, நெடுந்தீவிலும் முருகைக்கற்களை அடுக்கி வேலி அமைத்துள்ளனர். அந்நியர் அங்கு குதிரைகளை வளர்த்தமைக்குச் சான்றாக லாயத்தின் இடிபாடுகள் இன்றும் எஞ்சியுள்ளன. ஆனால் கென்டக்கியில் வருடம் முழுவதும் மழை பகிர்ந்து பெய்கின்றது. நெடுந்தீவிலோ மாரி ஓய்ந்ததும் நீண்ட வரட்சி தொடங்கிவிடுகின்றது. மண்ணின் ஆழமும் குறைவு, நன்னீரும் அரிது. கடும் வரட்சிக் காலங்களில் தண்ணீரின்றிக் குதிரைகள் மடியும் செய்திகளை நாம் பத்திரிகைகளில் படித்தே வந்துள்ளோம்.

அந்நியர் விட்டுச்சென்ற அக்குதிரைகளுக்குக் காணி பார்த்து வாங்கும் எசமானர் எவருமில்லை. 2015ஆம் ஆண்டில் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது வரவேற்கத்தக்கதே. ஆயினும் எல்லை வகுப்பதனால் மாத்திரம் நீர் கிடைத்துவிடாது. மேற்குலகின் வளர்ப்பாளர் ஒருவர் நெடுந்தீவைப் பார்வையிட நேர்ந்தால், அவர் முதலில் கேட்கக்கூடிய வினாக்களை நாம் ஊகிப்பது கடினமன்று. இத்தரை எத்தனை குதிரைகளையும் மாடுகளையும் தாங்கும்? ஆவணி, புரட்டாதி மாதங்களில் அவை எங்கு நீர் அருந்தும்? நோயுற்றால் கடல் கடந்து வைத்தியர் வர எவ்வளவு நேரமாகும்? இவ்வினாக்களுக்கான விடைகளைத் தேடி, வரட்சி தொடங்குமுன்னரே தொட்டிகளில் நீர் நிரப்புவதும் கேணிகளைத் தூர்வாருவதும் பெருஞ்செலவை வேண்டும் காரியங்களல்ல. குதிரைக்கு வேண்டியது அழகிய லாயம் அன்று. காலடியில் உறுதியான நிலமும், நம்பத்தகுந்த புல்லும், வற்றாத நீருமேயாகும். பல மில்லியன் டொலர் கொடுத்து வாங்குபவர் தேடுவதும், நெடுந்தீவின் கட்டாக்காலிக் குதிரை தேடி அலைவதும் இதனையே.